லெவ் ஷெஸ்தோவும் பரிசில் அவருக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பாளரும்

1936ஆம் ஆண்டு பரிசில் டென்மார்க் மெய்யியலாளர் கீர்க்கெகார்ட் பற்றி ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவருக்கு அப்போது வயது 70. அவர் அதை ருஷ்ய மொழியில்தான் எழுதியிருந்தார். ஆனால் புத்தகக்கடைக்கு வந்தது பிரெஞ்சு நூல். ருஷ்ய மூலம் அச்சாவதற்கு இன்னும் மூன்று வருடங்கள் பிடித்தன. அது அச்சாகி வந்தபோது எழுதியவர் உயிரோடு இல்லை. அவருடைய அடுத்த நூலின் கதை இதைவிடச் சோகமானது. ‘ஏதென்சும் எருசலேமும்’ என்ற அந்தப் பெருநூல் 1938இலேயே பிரெஞ்சிலும் ஜேர்மன் மொழியிலும் வந்துவிட்டது. எழுதப்பட்ட மொழியில் வெளிவர 1951 ஆயிற்று.

இப்படி மூலத்துக்கு முன்னரே மொழிபெயர்ப்பு பிறந்துவிடுகிற நிலை நாட்டை விட்டு வந்தவர்களுக்குத்தான் நேரும். அந்த எழுத்தாளரின் பெயர் லெவ் ஷெஸ்தோவ். தஸ்தயேவ்ஸ்கியைப் படித்தவர்களில் சிலருக்கு இவரையும் தெரிந்திருக்கும். அல்பேர் காம்யுவின் சிசிபஸ் பற்றிய நூலில் இவருடைய பெயர் திரும்பத் திரும்ப வரும். காம்யு அவரைப் படித்தது பிரெஞ்சில். காம்யு கையிலெடுத்த அந்தப் பிரெஞ்சுக்குப் பின்னால் இன்னொரு மனிதர் இருந்தார். அவரையும் சேர்த்துத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஷெஸ்தோவ் பிறந்தது 1866 பெப்ரவரியில், கீவ் நகரில். இயற்பெயர் லெவ் இசாக்கோவிச் ஷ்வார்ட்ஸ்மன். தகப்பனார் பெரிய புடைவை வியாபாரி. ஒன்றுமில்லாமல் தொடங்கி நகரம் அறிந்த கடைக்குச் சொந்தக்காரர் ஆனவர். யூத சமய நூல்களில் நல்ல பயிற்சியும் உள்ளவர். பையனுக்குப் 12 வயதிருக்கும்போது ஓர் இரகசிய அரசியல் குழு அவனைக் கடத்திப் பணம் கேட்டது. தகப்பன் கொடுக்க மறுத்துவிட்டார். சில மாதங்களில் பிள்ளை பத்திரமாகத் திரும்பி வந்தான். அந்த நாட்களைப் பற்றி ஷெஸ்தோவ் பிற்காலத்தில் எழுதியதாக நான் எங்கும் காணவில்லை. தன்னைப் பற்றி அதிகம் கதைக்காத மனிதர் அவர்.

மொஸ்கோவில் முதலில் கணிதம், பிறகு சட்டம். அங்கே நிர்வாகத்தோடு முரண்பட்டுக் கீவுக்குத் திரும்பிப் படிப்பை முடித்தார். தொழிலாளர் நிலைமை பற்றி எழுதிய ஆய்வைத் தணிக்கையாளர்கள் தடுத்துவிட்டார்கள். சட்டத்தரணியாகப் பதிவு செய்தும் ஒரு வழக்கும் பேசவில்லை. சில வருடம் தகப்பனின் கடைக் கணக்குகளைப் பார்த்தார். கணக்கு வழக்கு ஒருபக்கம், இரவில் ஷேக்ஸ்பியரும் கான்ட்டும் மறுபக்கம். 1895இல் உடலும் மனமும் ஒன்றாக விழுந்தன. வைத்தியத்துக்கென்று வெளிநாடு போனவர் ரோமில் அன்னா பெரெசோவ்ஸ்கயாவைச் சந்தித்தார். அன்னா மருத்துவ மாணவி, ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவர். 1897இல் கலியாணம் நடந்தது. தகப்பனாரின் காதுக்கு அது போகவே கூடாது. பல வருடங்கள் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஓரிடம், இவர் ஓரிடம் என்று வாழ்ந்தார்கள். சமயம் மாறிக் கட்டுவது என்றால் என்னவென்று எங்கள் வீடுகளுக்கும் தெரியும். அதிகம் விளக்கத் தேவையில்லை.

1898இல் முதல் நூல் வந்தபோது அட்டையில் ஷெஸ்தோவ் என்ற புனைபெயர் இருந்தது. தொடர்ந்து தோல்ஸ்தோயும் நீட்சேயும் பற்றி ஒரு நூல், தஸ்தயேவ்ஸ்கியும் நீட்சேயும் பற்றி ஒன்று. 1905இல் வந்த நூல்தான் பெரிய சத்தத்தைக் கிளப்பியது. அதன் ருஷ்யத் தலைப்பில் ஒரு சொல் உண்டு: பெஸ்பொச்வென்னொஸ்த். பொச்வா என்றால் மண், நிலம். காலுக்குக் கீழே மண் இல்லாதிருத்தல் என்று அந்தச் சொல்லைப் பிரிக்கலாம். அந்த நிலையைத்தான் தலைப்பு போற்றிப் பாடியது. கோட்பாடு, ஒழுங்குமுறை, உறுதியான அத்திவாரம் எதுவும் வேண்டாம், துண்டு துண்டாகச் சிந்திப்போம் என்பது அந்த நூலின் நிலைப்பாடு. எழுதியபோது அது ஒரு சிந்தனை முறைக்கு வைத்த பெயர் மட்டுமே. பதினைந்து வருடங்களுக்குப் பிறகு அது அவருடைய சொந்த வாழ்க்கைக்கே பொருந்தும் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

அவர் சொல்ல வந்தது என்ன? சுருக்கமாகச் சொன்னால் பிழைபடும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இரண்டும் இரண்டும் நான்கு. நடந்தது நடந்ததுதான். சோக்ரட்டீசுக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது. அது இனி என்றைக்கும் உண்மை. அறிவு எங்களுக்குச் சொல்வது இதை. இதற்குத் தலைகுனிந்து அமைதி கொள்வதுதான் ஞானம் என்று கிரேக்கர் முதல் ஸ்பினோசா வரை கற்பித்தார்கள். ஷெஸ்தோவ் இங்கேதான் நின்று மறுத்தார். பிள்ளைகளை இழந்த யோபுவுக்கு இந்த உண்மை போதாது என்றார். நடந்துவிட்ட அநியாயத்தை நிரந்தர உண்மையாக்கி வணங்கச் சொல்லும் அறிவை விட, அது நடக்காததாக வேண்டும் என்று கத்துகிற மனிதனின் பக்கம் அவர் நின்றார். இது தர்க்கத்துக்கு நிற்காது என்று அவருக்கும் தெரியும். நான் அவரோடு முழுவதும் ஒத்துப்போகிறவன் இல்லை. அறிவைத் தாக்குவதற்கு அறிவையே இவ்வளவு கூர்மையாகப் பாவிக்கிற ஒருவரை எப்படி முழுவதும் நம்புவது? ஆனால் இழப்பைப் பற்றி எழுதிய மெய்யியலாளர்களில், சும்மா ஆறுதல் சொல்லாமல் விட்டவர் இவர். அதற்காகத்தான் திரும்பவும் எடுத்துப் படிக்கிறேன்.

அவருடைய சொந்த இழப்பு 1917இல் வந்தது. கலியாணத்துக்கு முன்னர் பிறந்த மகன் செர்கெய் லிஸ்தபாதவ் போர்முனையில் கொல்லப்பட்டான். அதே வருடம் புரட்சி. 1918இல் குடும்பம் மொஸ்கோவை விட்டுக் கீவுக்குப் போனது. கீவ் அந்தக் காலத்தில் பத்துத் தடவைக்கு மேல் கைமாறிய நகரம். ஒவ்வொரு படையும் வரும்போது முந்தின படையின் தாள் காசு செல்லாமல் போகும். ஷெஸ்தோவின் தங்கை குடும்பத்தின் வீட்டில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். அந்தக் கூரையின் கீழ்தான் இன்னொரு குடும்பமும் அடைக்கலமாக வந்து சேர்ந்தது. 1915இல் இறந்த இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் துணைவி தத்தியானாவும் பிள்ளைகளும். தத்தியானாவோடு அவருடைய சகோதரனும் வந்திருந்தார். அவர்தான் போரிஸ் து ஷ்லோட்சர்.

1881இல் வித்தெப்ஸ்க்கில் பிறந்தவர். தகப்பன் வழி ருஷ்ய ஜேர்மன் குடும்பம், தாய் பெல்ஜியக்காரி. ஆகவே பிரெஞ்சு அவருக்குப் படித்து வந்த மொழி இல்லை, தாய்மடியில் வந்தது. படித்ததும் பிரசெல்சிலும் பரிசிலும். இசைதான் அவருடைய துறை. 1919 யூனில் அவருடைய மருமகன், பதினொரு வயதே ஆன யூலியன், தினிப்பர் ஆற்றில் மூழ்கி இறந்தான். அந்தச் சின்ன வயதிலேயே தகப்பனைப் போல இசை எழுதத் தொடங்கியிருந்த பிள்ளை. அந்த வீட்டில் ஷெஸ்தோவும் ஷ்லோட்சரும் ஒன்றாகக் கழித்த நாட்களில் நடந்தவற்றில் இதுவும் ஒன்று. பின்னாளில் யோபு பற்றிய பக்கங்களைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோன கைக்கு அந்தப் பக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில் ஷெஸ்தோவிடம் அச்சுக்குத் தயாரான ஒரு கைப்பிரதி இருந்தது. மார்க்சியத்தை ஆதரித்து ஒரு முன்னுரை சேர்த்தால் அச்சிடலாம் என்றார்கள் புதிய ஆட்சியாளர்கள். அரைப் பக்கம் எழுதினால் காரியம் முடிந்திருக்கும். அவர் மறுத்தார். 1919 இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு தெற்கே யால்ட்டாவுக்குப் போனார். 1920 சனவரியில் செவஸ்தொபோலில் கப்பலேறிக் கொன்ஸ்தாந்திநோப்பிள் வழியாக இத்தாலி, அங்கிருந்து ஜெனீவா. 1921இல் பரிஸ். வயது 55. ருஷ்யாவில் பத்திரிகைகள் தேடி வந்து கட்டுரை கேட்ட மனிதர், இங்கே வாடகைக்கு அறை தேடினார். மருத்துவம் படித்த அன்னா மசாஜ் வேலைக்குப் போனார்.

அன்றைய பரிசில் ருஷ்யர்களுக்குக் குறையில்லை. அவர்களுக்கென்று நாளிதழ்கள், தேவாலயங்கள், பாடசாலைகள், ‘சவ்ரெமென்னியே சபீஸ்கி’ போன்ற கனமான சஞ்சிகைகள் எல்லாம் இருந்தன. 1922இல் லெனின் அரசு பெர்ட்யாயேவ் போன்ற மெய்யியலாளர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிய பிறகு சிந்தனையாளர்களுக்கும் குறையில்லை. குறையாக இருந்தது வாசகர்கள்தான். இருந்த வாசகர்களும் வயதாகிக்கொண்டு போனார்கள். அவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். ருஷ்ய மொழியில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் இருபது வருடத்தில் தன்னுடைய நூல்களைத் திறக்க ஆளிருக்காது என்று ஷெஸ்தோவுக்கு விளங்கியது. அவர் பிரெஞ்சு வாசிப்பார், ஆட்களோடு கதைப்பார். ஆனால் மெய்யியல் எழுதுவது வேறு. தன்னுடைய சிந்தனை தன்னுடைய வசனத்திலிருந்து பிரியாத ஒருவர் ஐம்பத்தைந்து வயதில் மொழியை மாற்ற முடியாது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ருஷ்யமும் பிரெஞ்சும் தெரிந்த ஆட்கள் பரிசில் மலிந்து கிடந்தார்கள். வாடகைக்கார் ஓட்டிய பழைய அதிகாரிகளுக்குக்கூட இரண்டும் தெரியும். நாவல் மொழிபெயர்க்க அது ஓரளவு போதும். மெய்யியலுக்குப் போதாது. பிளேட்டோவையும் கான்ட்டையும் ஹுசேர்லையும் பிரெஞ்சுக்காரர் எந்தச் சொற்களில் படிக்கிறார்கள் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அதிலும் ஷெஸ்தோவ் வில்லங்கமான ஆள். கலைச்சொல்லே இல்லாமல் கதை சொல்லுவதுபோல எழுதுவார். இடையிடையே கிரேக்கமும் இலத்தீனும் விளக்கமில்லாமல் வந்து விழும். பைபிள் வரிகள் வரும். ஒரே வாக்கியத்தை ஒரு பக்கத்தில் மூன்று தரம், ஒரு நூலில் முப்பது தரம் திருப்பிச் சொல்லுவார். ஸ்பினோசாவின் ஒரு வரி அவரை வாழ்நாள் முழுக்க விடாமல் துரத்தியது. எந்த நூலைத் திறந்தாலும் அது இருக்கும். சொல் திரும்ப வந்தால் சிவப்பு மையால் கோடு போடும் பிரெஞ்சுப் பள்ளிக்கூட மரபுக்கு இது ஆகாது. சாதாரண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்தத் திருப்பிச் சொல்லல்களை வெட்டியிருப்பார். வெட்டினால் ஷெஸ்தோவ் இல்லை.

ஷ்லோட்சரும் அப்போது பரிசுக்கு வந்து சேர்ந்திருந்தார். இசைச் சஞ்சிகைகளுக்கு எழுதத் தொடங்கியிருந்தார். கீவ் வீட்டின் பழக்கம் இங்கே வேலையாக மாறியது.

1921 தஸ்தயேவ்ஸ்கியின் நூற்றாண்டு. அதையொட்டி ‘நூவெல் ரெவ்யூ ஃப்ரான்சேஸ்’ என்ற சஞ்சிகை 1922 பெப்ரவரியில் ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. ஜாக் ரிவியேர் ஆசிரியர், அந்த்ரே ஜீத் முக்கிய எழுத்தாளர். அன்றைய பிரெஞ்சு இலக்கிய உலகுக்கு அதுதான் முன்வாசல். அந்த இதழில் ஷ்லோட்சரின் மொழிபெயர்ப்பில் ஷெஸ்தோவின் தஸ்தயேவ்ஸ்கி கட்டுரையிலிருந்து ஒரு பகுதி வந்தது. ருஷ்யத் தலைப்பில் இருந்தது தாமாகவே வெளிப்படையான உண்மைகளை வென்று கடத்தல். பிரெஞ்சில் அது வெளிப்படையான உண்மைகளுக்கு எதிரான போராட்டம் என்று ஆனது. சின்ன மாற்றம்போலத் தெரியும். வென்று கடந்தவன் வேறு, போராடிக்கொண்டிருப்பவன் வேறு. என் அபிப்பிராயத்தில் இந்த இடத்தில் பிரெஞ்சுத் தலைப்புத்தான் கட்டுரைக்கு அதிகம் பொருந்துகிறது; ஷெஸ்தோவ் எந்தக் காலத்திலும் எதையும் வென்று முடித்தவர் இல்லை. அதோடு எவிதான்ஸ் என்ற பிரெஞ்சுச் சொல் டெக்கார்ட்டின் காலத்திலிருந்து அந்த நாட்டு மெய்யியலின் மூலைக்கல். தெளிவாகத் தெரிவதே உண்மை என்பது அவர்களுடைய பால்பாடம். அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து அதற்கு எதிராக ஒரு ருஷ்யர் போர் தொடுக்கிறார் என்றால் படித்தவர்கள் நிமிர்ந்து பார்க்கத்தானே செய்வார்கள்.

அந்த ஒரு கட்டுரையோடு கதவு திறந்தது. ஷ்லோட்சர் அதே 1922இல் ஷெஸ்தோவை அறிமுகப்படுத்தித் தானும் ஒரு கட்டுரை எழுதினார். 1923இல் தஸ்தயேவ்ஸ்கி, தோல்ஸ்தோய் பற்றிய கட்டுரைகள் ‘மரணத்தின் வெளிப்படுத்தல்கள்’ என்ற பெயரில் நூலாயின. அதே வருடம், பஸ்கால் பிறந்த முந்நூறாம் ஆண்டுக்கு, பஸ்கால் பற்றிய சிறு நூலும் வந்தது. அதை மொழிபெயர்த்தவர் வேறொருவர். 1926, 1927, 1928 என்று வருடத்துக்கு ஒன்றாகப் பழைய நூல்கள் ஷ்லோட்சரின் பிரெஞ்சில் வரத் தொடங்கின. கீவில் முன்னுரை எழுத மறுத்ததால் நின்றுபோன அந்தக் கைப்பிரதி 1923இல் பெர்லினில் ருஷ்ய மொழியில் அச்சாகி, 1928இல் பிரெஞ்சிலும் வந்தது.

மண் இல்லாமை பற்றிய 1905ஆம் ஆண்டு நூல் இந்த வரிசையில் 1927இல் வந்தது. அந்தத் தலைப்புச் சொல் எல்லோரையும் படாதபாடு படுத்தியது. ஆங்கிலத்தில் 1920இலேயே கொத்தெலியான்ஸ்கி என்ற, அவரும் உக்ரெயினிலிருந்து லண்டன் வந்த யூதர், அதை மொழிபெயர்த்திருந்தார், டி. எச். லோறன்ஸ் முன்னுரை எழுதினார். அங்கே தலைப்பு எல்லாம் சாத்தியமே என்று முற்றிலும் மாறிவிட்டது. பிரெஞ்சில் வாழ்வின் எல்லைகளில் என்ற தலைப்பு முன்னுக்கு வந்தது. மண் எங்கேயோ நழுவிவிட்டது. தமிழில் இந்தச் சங்கடம் வந்திருக்காது. மண் என்று சொன்னால் காலடியில் இருப்பதும் விட்டுவந்த ஊரும் ஒரே சொல்லில் வந்துவிடும். ஷெஸ்தோவைத் தமிழில் மொழிபெயர்க்க யாராவது துணிந்தால் இந்த நூலில் தொடங்கலாம்.

இடையில் இன்னொரு மொழிபெயர்ப்பு முயற்சியும் நடந்தது. ஜோர்ஜ் பத்தாய் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த, தேசிய நூலகத்தில் வேலை பார்த்த இளைஞன். பிற்காலத்தில் பிரெஞ்சு இலக்கியத்தையே அதிரவைத்த பத்தாய்தான். அவர் ஷெஸ்தோவின் வீட்டுக்கு வந்து மெய்யியல் கேட்டுக்கொண்டு போவார். மெய்யியலில் முறையான படிப்பு இல்லாத அவருக்கு பிளேட்டோவைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது ஷெஸ்தோவ். தோல்ஸ்தோய், நீட்சே பற்றிய நூலை ஷெஸ்தோவின் மூத்த மகள் தத்தியானாவும் பத்தாயும் சேர்ந்து பிரெஞ்சாக்கினார்கள். மகளுக்கு மூலமும் தகப்பனின் குரலும் தெரியும். பத்தாய்க்குப் பிரெஞ்சு தெரியும். 1925இல் நூல் வந்தது. பிறகு பத்தாய் வேறு பாதையில் போய்விட்டார். ஷ்லோட்சர் போகவில்லை.

ஷ்லோட்சரின் சொந்த வேலை குறைந்தது அல்ல. ஸ்திராவின்ஸ்கி பற்றி நூல் எழுதினார், 1947இல் பாஹ் பற்றி எழுதிய நூல் இசையியலில் இன்றும் பேசப்படுகிறது. ஓர் இசையில் என்ன சொல்லப்படுகிறது என்பதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதிலிருந்து பிரிக்க முடியாது என்பது அந்த நூலில் அவர் வாதிட்டது. மெய்யியலாளர் ஒருவரிடம் ஷெஸ்தோவைக் கொடுத்திருந்தால் கருத்தை எடுத்துக்கொண்டு சொல்லை விட்டிருப்பார். இசைக்காரருக்குத் திரும்பத் திரும்ப வரும் வரி ஒரு பல்லவிதானே. பிரெஞ்சுக் காதுக்குப் பழக்கமில்லாவிட்டாலும் அதை விட்டுவைத்தார். அதேசமயம் வாக்கியங்கள் பிரெஞ்சாகவே ஓடும். நான் அவரை முதலில் படித்தது இந்த மொழிபெயர்ப்புகளில்தான். பரிசுக்கு வந்து பிடித்த பிரெஞ்சோடு ஒரு மெய்யியல் நூலை முடித்தேன் என்றால் அதில் என் கெட்டித்தனம் குறைவு.

ஷெஸ்தோவ் 1922 முதல் சோர்போனைச் சேர்ந்த ஸ்லாவிய ஆய்வு நிறுவனத்தில் ருஷ்ய மொழியில் விரிவுரை செய்தார். லூசியன் லெவி-ப்ரூல் தான் நடத்திய மெய்யியல் சஞ்சிகையில் அவருடைய கட்டுரைகளைப் போட்டார். லெவி-ப்ரூல் அறிவை நம்பியவர், ஷெஸ்தோவின் ஒரு முடிவையும் ஏற்காதவர், ஆனாலும் போட்டார். அவற்றில் ஒன்று ஜேர்மன் மெய்யியலாளர் எட்மண்ட் ஹுசேர்லைக் கடுமையாக எதிர்த்த கட்டுரை. பிரான்சில் ஹுசேர்லின் பெயர் பரவக் காரணமானவற்றில் இந்த எதிர்ப்பும் ஒன்று என்பது விசித்திரம். 1928இல் அம்ஸ்டர்டாமில் இருவரும் நேரில் சந்தித்து நெருங்கிய நண்பர்களானார்கள். கீர்க்கெகார்டைக் கட்டாயம் படி என்று பிடிவாதமாக நின்றவர் ஹுசேர்ல்தான். 62 வயதில் ஷெஸ்தோவ் டென்மார்க்காரரை ஜேர்மன் மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கினார். தான் முப்பது வருடமாக எழுதிக்கொண்டிருப்பதைத் தனக்கு முன்னரே ஒருவர் எழுதிவிட்டார் என்று கண்டார். ஆபிரகாமும் யோபுவும் அங்கேயும் இருந்தார்கள்.

அதிலிருந்து வந்ததுதான் ஆரம்பத்தில் சொன்ன நூல். முப்பதுகளில் காசு எல்லோருக்கும் தட்டுப்பாடு. ருஷ்யப் பதிப்பகங்கள் மூச்சுவிடத் திணறின. நண்பர்கள் ஒரு குழு அமைத்துச் சந்தா சேர்த்தார்கள். தத்தியானாவும் ஷ்லோட்சரும் மொழிபெயர்த்தார்கள். 1936இல் வ்ரான் பதிப்பகத்தின் ஊடாகப் பிரெஞ்சு நூல் வெளிவந்தது. இன்றைக்கு எங்கள் ஆட்கள் தெரிந்தவர்களிடம் முன்பணம் சேர்த்துக் கவிதைத் தொகுதி போடுவதுபோலத்தான்.

அந்தக் குழுவைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. பெஞ்சமின் ஃபொந்தான், ருமேனியாவிலிருந்து வந்த யூதக் கவிஞர். 1924இலிருந்து ஷெஸ்தோவின் ஒரே மெய்யான சீடர் என்று அவரைச் சொல்லலாம். ருஷ்யம் தெரியாது. ஆகவே அவர் படித்தது பெரும்பாலும் ஷ்லோட்சர் தந்த பிரெஞ்சை. ஆசானோடு நடந்த சந்திப்புகளைக் குறித்துவைத்து, போருக்குச் சற்று முன்னர் ஆர்ஜென்டீன எழுத்தாளர் விக்டோரியா ஒக்காம்போவிடம் பாதுகாக்கக் கொடுத்தார். 1944 மார்ச்சில் அவரையும் சகோதரி லீனையும் பரிசில் பிடித்தார்கள். மனைவி யூதர் இல்லை என்ற காரணத்தால் அவரை மட்டும் விடுவிக்க நண்பர்கள் வழி செய்தார்கள். சகோதரியை விட்டுவிட்டு வர அவர் மறுத்தார். ஒக்ரோபரில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். குறிப்புகள் கடல் கடந்து தப்பியிருந்தன, 1982இல் நூலாயின. ஷெஸ்தோவ் வீட்டில் எப்படிக் கதைத்தார், எதற்குக் கோபித்தார், எதைக் கேட்டுச் சிரித்தார் என்று இன்று எங்களுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தக் குறிப்புகளால்தான்.

ஷெஸ்தோவ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1938 ஏப்ரலில் ஹுசேர்ல் இறந்த செய்தி வந்ததும், உடல் முடியாத நிலையிலும், தான் வாழ்நாளெல்லாம் எதிர்த்த அந்த நண்பருக்காக ஒரு நீண்ட அஞ்சலிக் கட்டுரை எழுதினார். அதுவே கடைசி. நவம்பர் 20ஆம் திகதி பரிசில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். கட்டிலருகே பைபிளும் வேதாந்தம் பற்றி ஜேர்மன் அறிஞர் டாய்சன் எழுதிய நூலும் திறந்தபடி கிடந்தன. இந்திய மெய்யியலைக் கடைசி வருடங்களில்தான் ஆசையோடு படிக்கத் தொடங்கியிருந்தார். பூலோன்-பிய்யாங்கூர் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.

பெயரைப் பற்றியும் ஒன்று. கீவில் பதிவேட்டில் ஷ்வார்ட்ஸ்மன், நூல்களில் ஷெஸ்தோவ், பரிஸ் அட்டைகளில் லெயோன் செஸ்தோவ் என்று முதல் எழுத்தே மாறியிருக்கும், ஜேர்மனில் வேறு எழுத்துக்கூட்டல். பரிசிலும் லண்டனிலும் பெர்லினிலும் நூலக அட்டவணைகளில் அவரைத் தேடுவதென்றால் மூன்று இடத்தில் தேட வேண்டும். ஒரே குடும்பத்துக்குக் கனடாவில் ஒரு மாதிரி, நோர்வேயில் ஒரு மாதிரி பெயர் எழுதப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை.

இளைய மகள் நத்தாலி, தகப்பனின் கடிதங்களையும் காகிதங்களையும் அடுக்கிச் சேர்த்து ருஷ்ய மொழியில் இரண்டு பாக வாழ்க்கை வரலாறு எழுதினார். 1983இல் பரிசில் வந்தது. அதுவும் பிறகு பிரெஞ்சுக்குப் போனது. கைப்பிரதிகள் சோர்போன் நூலகத்தில் இருக்கின்றன. ஷெஸ்தோவும் ஷ்லோட்சரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் 2011இல் நூலாக வெளிவந்தன. ருஷ்யாவில் அவரைத் தாராளமாக அச்சிடத் தொடங்கியது சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகுதான்.

ஷ்லோட்சர் போருக்குப் பிறகும் நீண்ட காலம் இருந்தார். தோல்ஸ்தோயின் ‘போரும் சமாதானமும்’ நாவலைப் பிரெஞ்சாக்கினார். பரிஸ் புத்தகக்கடைகளில் இன்றும் மலிவுப் பதிப்பில் கிடைக்கும். அறுபதுகளில், ஷெஸ்தோவின் பழைய நூல்கள் திரும்ப அச்சேறியபோதும் அவருடைய மொழிபெயர்ப்புகளே அச்சாயின. 1969 ஒக்ரோபரில், எண்பத்தேழு வயதில், பரிசில் காலமானார். ஷெஸ்தோவ் 1929இல் ருஷ்ய மொழியில் வெளியிட்ட ‘யோபுவின் தராசில்’ மட்டும் அதுவரை பிரெஞ்சில் முழுமையாக வந்திருக்கவில்லை. அது 1971இல் வந்தது. உள்ளே மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் போரிஸ் து ஷ்லோட்சர் என்றிருந்தது.